யார் ஆட்டிய மாவு

பாலிங்,
12 மார்ச் 1979

அன்புள்ள தங்கச்சி ஜெனவீவுக்கு, மாதா துணை.

நான் சுகம். நீயும் மாப்பிள்ளை சில்வெஸ்டரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் மாமியின் இடுப்பு வலி குறைந்ததா? இங்கே ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கிறது. வெயில் நேராக வகுப்பறைக்குள் வருகிறது.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஜூன் மாதம் ஐம்பது வயது. பொருட்காட்சி வைக்கவேண்டும் என்று தலைமையாசிரியருக்கு ஆசை. யார் தலையில் கட்டலாம் என்று சுற்றிப் பார்த்தார். பிள்ளைகுட்டி இல்லாதவள் நான் ஒருத்திதான் அகப்பட்டேன். "அந்தக் காலத்து அடுப்படிச் சாமான்கள்" என்று தலைப்பும் வைத்துவிட்டேன். திருகை வந்துவிட்டது, உரலும் உலக்கையும் வந்துவிட்டன. முறுக்குப் பிழிகிற மரக்குழல் ஒன்று தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டில் இருக்கிறது, கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். அரிவாள்மணை மட்டும் பதினொன்று குவிந்து கிடக்கிறது. நல்ல ஆட்டுக்கல்தான் இல்லை. தொழிலாளர் லயத்து வீடுகளில் இருப்பவை எல்லாம் கோழிக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டியாகிவிட்டன.

உன் வீட்டுக் கல் ஞாபகம் வந்தது. மாமியிடம் கேட்டு ஒரு மாதத்துக்கு அனுப்புவாயா? சில்வெஸ்டர் தன் லாரியில் ஏற்றிவிட்டால் போதும். கல்லின் வரலாற்றையும் எழுது, அட்டையில் எழுதி ஒட்டவேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கதை என்று ஆரம்பித்தால் உனக்கு நிறுத்தத் தெரியாது.

அன்பு அக்கா,
பேட்ரிசியா


பாக்கார் ஆராங், சுங்கைப்பட்டாணி,
24 மார்ச் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். மாமிக்கு இடுப்பு அப்படியேதான். தாழ்வாக உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன், மாமி பூரித்துப்போனார். அவருடைய அம்மா நாகப்பட்டணத்தில் கப்பல் ஏறியபோது கல்லைத் தூக்கிவர முடியவில்லையாம். குழவியை மட்டும் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். கைப்பிள்ளை என்று நினைத்துக் கப்பல் டாக்டர் துணியை விலக்கிப் பார்த்தாராம். அடியில் இருக்கிற கல் இங்கே வந்தபிறகு கொத்தச் சொல்லி வாங்கியது. அதனால்தான் குழவி கறுப்பாகவும் கல் சாம்பல் நிறமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பழகுவதற்கே ஒரு வருடம் ஆனதாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முனியாண்டி சைக்கிளில் உளியோடு வந்து கொத்திவிட்டுப் போவார். கொத்திய அன்று முதலில் ஒரு பிடி தவிட்டை ஆட்டிக் கொட்டிவிட வேண்டும். மறந்தால் மாவில் கல்பொடி சேர்ந்துவிடும்.

ஆனால் கல்லை அனுப்ப முடியாது அக்கா. விடியற்காலையில் மூன்று படி அரிசி, மத்தியானம் இரண்டு படி. சீனிவாசகம் சாப்பாட்டுக் கடைக்கு இரண்டு வாளி மாவு போகிறது. பக்கத்துத் தெருக்காரர்கள் சட்டியோடு வாசலில் நிற்கிறார்கள். ஒரு மாதம் இல்லை, ஒரு நாள்கூட அது சும்மா இருப்பதில்லை.

பெரிய வாரத்தில் எனக்காகவும் ஒரு ஜெபமாலை சொல்.

இப்படிக்கு,
ஜெனவீவ்


பாலிங்,
8 ஏப்ரல் 1979

அன்புள்ள ஜெனவீவுக்கு,

சுகம்தானே? நானும் சுகம். கொஞ்சம் இருமல், சுண்ணாம்புக்கட்டித் தூசிதான் காரணம்.

அடியே, ஐந்து படி அரிசியா? இன்னும் நீயேதான் ஆட்டுகிறாயா? இத்தனை வருடத்தில் மெஷின் வாங்கியிருப்பீர்கள் என்றல்லவா நினைத்தேன். பாலிங் பாசாரிலேயே கரண்டில் ஓடுகிற மெஷின் வந்துவிட்டது. உன் கை இந்நேரம் பயில்வான் கையாகியிருக்கும். சில்வெஸ்டர் வாய் திறக்காமல் இருப்பதன் ரகசியம் இப்போதுதான் புரிகிறது!

கல் இல்லாவிட்டால் பரவாயில்லை, வரலாறு அருமை. அட்டையில் அதை அப்படியே எழுதிவிட்டேன். கடைசி வரி மட்டும் என்னுடையது: "நம் பெண்களுக்கு ஆரோக்கியம் தந்த அருமையான உடற்பயிற்சி." எப்படி?

ஜூன் விடுமுறையில் இங்கே வந்து ஒரு வாரம் இரேன். உன்னைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. பாஸ்கா வாழ்த்துகள்.

அன்பு அக்கா,
பேட்ரிசியா


பாக்கார் ஆராங்,
3 ஜூன் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

பாஸ்கா வாழ்த்துக்குப் பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. மன்னித்துக்கொள். இருமல் நின்றதா? இங்கே நலம்.

மெஷின் மாமிக்குப் பிடிக்காது. மாவு சூடாகிவிடும், சூடான மாவு பொங்காது என்பார். போன மாதம் வாசலில் "கையால் ஆட்டிய மாவு" என்று பலகைகூட மாட்டியாகிவிட்டது. நடுவில் பின் சந்து ராக்காயியை ஆட்டச் சொல்லிப் பார்த்தோம். மாவு நறநறவென்று இருந்ததால் சீனிவாசகம் அண்ணன் வாளியைத் திருப்பி அனுப்பிவிட்டார். எனவே விடுமுறைக்கு வர முடியாது.

அட்டையில் நீ எழுதியது நன்றாக இருக்கிறது. என் எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டிக்கொள்.

இப்படிக்கு,
ஜெனவீவ்


பாலிங்,
20 ஜூன் 1979

அன்புள்ள ஜெனவீவுக்கு,

நான் சுகம். நீ சுகமில்லை.

ஏழு வருடமாகப் பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்துகிறவள் நான். என்னிடம் பேனாவின் மேல் பழி போடாதே. உன் எழுத்து முத்து முத்தாக இருக்கும். போன கடிதத்தில் ஒரு வரிகூடக் கோட்டில் நிற்கவில்லை. ராக்காயியை எதற்காக ஆட்டச் சொன்னீர்கள்? உனக்கு என்ன ஆயிற்று?

பொருட்காட்சி நடந்தது. கடைசியில் தோட்டத்துப் பிச்சை தாத்தா கோழித் தொட்டியைக் கழுவிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் முன்னால் நான் உட்கார்ந்து ஆட்டிக் காட்டினேன். கைதட்டினார்கள், படம் பிடித்தார்கள். பத்து நிமிடம்தான், உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். கொப்புளத்தைப் பார்த்ததிலிருந்து உன் ஐந்து படி அரிசி மண்டையைக் குடைகிறது.

சில்வெஸ்டர் அடுத்த வாரம் இந்தப் பக்கம் லோடு எடுக்க வருகிறாராமே. மெஷின் ஒன்று வாங்கிவிட்டேன், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். மாமி என்ன சொன்னாலும் என் பெயரைச் சொல். உடனே எழுது.

அன்பு அக்கா,
பேட்ரிசியா


பாக்கார் ஆராங்,
19 ஆகஸ்ட் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

மெஷின் வந்தது. மாமி அழுதே விட்டார். "ஒங்கக்காவுக்கு எவ்ளோ மனசு பாரு" என்று தெருவெல்லாம் சொன்னார். ஒரு வாரம் அதில்தான் ஆட்டினேன். எட்டாம் நாள் சீனிவாசகம் அண்ணனே வாளியோடு வந்து நின்றார். "என்னம்மா இது, மெஷின் மாவா? பொங்கவே இல்லையே லா. கஸ்டமர் திட்டறான்." தெருக்காரர்களும் அதையே சொன்னார்கள். மாமி பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானே எழுந்துபோய் கல்லைக் கழுவினேன். மெஷின் இப்போது ஹாலில் இருக்கிறது. மாமி அதற்குப் பூ வேலை செய்த உறை தைத்துப் போட்டு, திரு இருதயப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். வருகிறவர்கள் ரேடியோ என்று நினைக்கிறார்கள்.

கேட்டாயே, சொல்கிறேன். ஏப்ரலிலிருந்து வலது தோள் தூக்க முடியவில்லை. தலை பின்ன முடியவில்லை. ஒரு மாதமாவது கல் பக்கம் போகக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். ஒரு மாதம் யார் ஆட்டுவது? அவர் வாரத்தில் நாலு நாள் லாரியில். வீட்டில் இருந்தால் தண்ணீர் பிடித்து, அரிசி களைந்து தருவார். ஆம்பிளை ஆட்டினால் ஊர் சிரிக்கும் என்று மாமி அவரைக் கல்லில் உட்கார விடுவதில்லை.

மாமி கெட்டவராக இருந்தால் நல்லது அக்கா. சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம். தினமும் சாயங்காலம் என்னை முன்னால் உட்காரவைத்து, தைலம் காய்ச்சி, தன் இடுப்பு வலியோடு என் தோளை நீவிவிடுகிறார். "இந்தக் கைதாம்மா எங்க குடும்பத்தத் தூக்கி நிறுத்துச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். மறுநாள் விடிவதற்குள் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

எனக்கு மூச்சு முட்டுகிறது.

இப்படிக்கு,
ஜெனவீவ்


பாலிங்,
14 அக்டோபர் 1979

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை எட்டு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர்கள் பெண் பார்க்க வந்தார்களே, அது என்னைப் பார்க்கத்தான். இது உனக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு உன்னைத்தான் பிடித்துவிட்டது என்று பிறகு நானும் அப்பாவும் உன்னிடம் சொன்னோம். அது பொய். அவர் தலையே நிமிரவில்லை.

அன்றைக்கு உன் மாமி மூன்று தோசை சாப்பிட்டார். "யார் ஆட்டுன மாவு?" என்று என்னிடம் கேட்டார். அவர் மாவு விற்கிறவர் என்று அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். பினாங்கில் ஆசிரியர் பயிற்சிக்கு வரச்சொல்லி வந்த கடிதம் என் தலையணைக்கு அடியில் இருந்தது. அப்பாவிடம் அதை இன்னும் காட்டவில்லை. அம்மா போனதிலிருந்து நம் வீட்டில் தினமும் ஆட்டியது நான்தான். நீ கல்லைத் தொட்டதே கிடையாது. இனி ஆயுசுக்கும் நான் ஆட்டப்போகிற மாவு அந்த அம்மாவின் கண்ணில் தெரிந்தது. "தங்கச்சி ஆட்டுனது. எனக்கு அந்த வேலையே வராது" என்றேன்.

நீ தலைக்குக் குளித்து ஈரத்தோடு சட்னிக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கதவருகே நின்றாய். பத்தொன்பது வயது. நான் உன்னைப் புகழ்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாய். உன் மாமி திரும்பி உன்னைப் பார்த்தார். அதோடு என் வேலை முடிந்தது.

பொருட்காட்சியும் மெஷினும் எல்லாம் இதை எழுதாமல் இருப்பதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. என்னை மன்னித்துவிடு, ஜெனவீவ்.

பாவி அக்கா,
பேட்ரிசியா


பாக்கார் ஆராங்,
11 நவம்பர் 1979

அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் நலமாக இரு.

எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த முதல் வாரமே தெரியும். நான் ஆட்டிய மாவு மணலாக இருந்தது. மாமி என் உள்ளங்கையைப் பிரித்துத் தடவிப் பார்த்தார். "ஒங்கக்கா தட்டு வைக்கறப்பவே பாத்தேன், அது கையிலதான் காய் காச்சிருந்துச்சு. வேணாங்கிற பொண்ணக் கூட்டிட்டு வந்து நான் என்ன பண்றது? நீ கத்துக்கம்மா" என்றார். என் பின்னால் உட்கார்ந்து, என் கைமேல் தன் கையை வைத்துக் குழவியைச் சுற்றக் கற்றுக்கொடுத்தார். நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

ஆக அன்றைக்கு நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று உனக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

உன் கடிதம் வந்தால் முதலில் கடைசி வரியைத்தான் பார்ப்பேன், சொல்லியிருக்கிறாயா என்று. ஒன்பது வருடம் பார்த்தேன். ஆரோக்கியம் தந்த உடற்பயிற்சி என்று நீ எழுதிய அன்று கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் தோள் தூக்குமா? டிசம்பர் முழுக்க உனக்குப் பள்ளி விடுமுறை. கிறிஸ்துமஸ் மாதத்தில் இங்கே எட்டு படி வரை போகும். நீ வா. வந்து கல்லில் உட்கார். நான் உன் வீட்டில் போய் இருக்கிறேன். டாக்டர் சொன்ன ஒரு மாதத்தை எனக்கு நீ கொடு. மாமியிடம் சொல்லிவிட்டேன். "அந்தப் புள்ளயா? வரட்டும்" என்றார்.

ஜெனவீவ்


பாக்கார் ஆராங்,
26 டிசம்பர் 1979

அன்புள்ள ஜெனவீவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். பாலிங் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? தோள் எப்படி இருக்கிறது? நான் வந்து இருபத்தைந்து நாளாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.

கொப்புளம் வந்து, உடைந்து, காய்ந்து, இப்போது அதே பழைய இடத்தில் தோல் தடித்துவிட்டது. எழுத்து எப்படிக் கிறுக்கலாக இருக்கிறது பார். இடது கையால் மாவைத் தள்ளி வலது கையால் சுற்றுகிறபோது நேரம் போவது தெரியவில்லை என்று பொருட்காட்சியில் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். தெரிகிறது ஜெனவீவ், ஒவ்வொரு சுற்றும் தெரிகிறது. அந்த அட்டையை எழுதின கையை ஒடிக்கவேண்டும். சமையலறையில் ஜன்னல் சுவர் பக்கம் திறக்கிறது என்று நீ ஒருநாளும் எழுதவில்லையே. ஒன்பது வருடம் அந்தச் சுவரையா பார்த்துக்கொண்டிருந்தாய்?

சீனிவாசகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாவு பஞ்சு மாதிரி இருக்கிறதாம். மாமி வாசலில் நின்று, "இந்தக் கைதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்கிறார். கோபமே இல்லாமல் சொல்கிறார், அதுதான் பயமாக இருக்கிறது. நேற்று பூசை முடிந்து வந்து என்னை முன்னால் உட்காரவைத்தார். தைலத்தைக் காய்ச்சி என் தோளை நீவினார். "பள்ளிக்கூடத்துக்கு எத்தனையோ டீச்சர் கெடைப்பாங்க, இங்கயே இரும்மா" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

ஆறாம் தேதி பள்ளி திறக்கிறது. நான் இல்லாவிட்டால் என் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நீ வருவாயா? வராவிட்டால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை எழுது.

அக்கா


பாலிங்,
30 டிசம்பர் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் மாமிக்கும் அவருக்கும் புது வருட வாழ்த்துகள். நான் சுகமாக இருக்கிறேன். இந்த வார்த்தையை இவ்வளவு வருடமாகப் பழக்கத்தில் எழுதினேன், இந்தத் தடவை நிஜமாக எழுதுகிறேன்.

நேற்று தலையை நானே பின்னிக்கொண்டேன். முதல் வாரம் முழுக்கத் தூங்கினேன். பக்கத்து வீட்டு மருதம்மாள் அக்கா நான் செத்துவிட்டேனோ என்று கதவைத் தட்டிப் பார்த்தார். கடை ரொட்டிதான் சாப்பிடுகிறேன், ஒரு தேங்காய்கூடத் துருவவில்லை. உன் மேசையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் வந்து, "டீச்சர் எங்க?" என்று கேட்பார்கள். நீ பெற்றுக்கொண்டது என்ன என்று ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டேன். நான் அந்த இடத்தில் இருந்தால் நானும் பொய் சொல்லியிருப்பேன். ஆனால் கோபம் போகவில்லை. அது வேறு, இது வேறு.

வரமாட்டேன் என்று உனக்கு இரண்டு தரம் எழுதினேன். இரண்டையும் தபாலில் போடவில்லை, கிழிக்கவும் இல்லை. உன் மேசை இழுப்பறையில் இருக்கின்றன, வந்து வாசித்துக்கொள். உன் கிறுக்கல் எழுத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். அதற்காகத்தான் ஒன்பது வருடம் காத்திருந்தேன். வரவில்லை.

மாமி உனக்குத் தைலம் போட ஆரம்பித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அதைத்தான் நாலைந்து தடவை வாசித்தேன். கல்லிலிருந்து எழுந்துவிடலாம் அக்கா. அந்தக் கைக்குக் கீழேயிருந்துதான் எழுந்திருக்க முடியாது. இன்னும் ஒரு வாரம் போனால் நீயாகவே விடிவதற்குள் போய் உட்கார்ந்துவிடுவாய். எனக்குத் தெரியும், நான் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

அதனால் வருகிறேன். ஒன்று மட்டும். இனி ஒவ்வொரு வருடமும் டிசம்பர் என்னுடையது. நீ அங்கே, நான் இங்கே. இதை நான் கேட்கவில்லை, சொல்கிறேன். மாமிக்கும் தனியாக எழுதிப் போட்டிருக்கிறேன், அவர் எழுதிக்கொடுக்கச் சொல்கிற பதிலை நீ எழுதவேண்டாம்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். எட்டேகாலுக்கு சுங்கைப்பட்டாணி வந்துவிடும், பத்து நிமிடம் நின்று அதே பஸ் பாலிங்குக்குத் திரும்பும். பையோடு வந்து கதவருகே நில். நான் இறங்குகிறேன், நீ ஏறு. அழாதே, கையைப் பிடிக்காதே, பேச நிற்காதே. நின்றால் நான் இறங்க மாட்டேன்.

தங்கச்சி,
ஜெனவீவ்